காது அடைத்திருக்கிறது என்று சொல்லி நான் தொலைத்த பன்னிரண்டு நாள்

சென்ற ஆண்டு ஜூலை முதல் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலை. எங்கள் புளோக்குக்குப் பின்னால் இருக்கும் மரத்தில் ஒரு குயில் உண்டு. சிங்கப்பூரில் அடுக்குமாடியில் குடியிருக்கிற யாருக்கும் அதைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. ஐந்து மணிக்கெல்லாம் ஆரம்பித்து, ஒவ்வொரு கூவலுக்கும் சுருதியை ஏற்றிக்கொண்டே போகும். அன்றும் கூவியது. வலப்பக்கமாகத் திரும்பிப் படுத்தேன். குயில் நின்றுவிட்டது. நிமிர்ந்தேன், மறுபடி கூவியது. திரும்பவும் வலப்பக்கம், திரும்பவும் அமைதி. வலக்காது தலையணையில் அழுந்தியிருக்கும்போது இடக்காது ஒன்றையுமே வாங்கவில்லை என்பது புரிவதற்குள் ஐந்தாறு தடவை புரண்டு படுத்துவிட்டேன். எழுந்து உட்கார்ந்து இடக்காதருகே விரலைச் சொடுக்கினேன். பஞ்சு மூட்டைக்குள்ளிருந்து வருவது போல லேசாக ஒரு தட்டல், அவ்வளவுதான். கூடவே, குக்கரில் விசில் வருவதற்கு முன்னால் ஆவி சீறுமே, அந்த ஓசை தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

எனக்கு 46 வயது. ஈசூனில் வீட்டிலேயே தொடக்கநிலைப் பிள்ளைகளுக்குத் தமிழ்த் துணைப்பாடம் எடுக்கிறேன். கணவர் வேலை நிமித்தமாக இரண்டு ஆண்டுகளாகத் துபாயில் இருக்கிறார். மகன் தேசிய சேவையில், வார இறுதியில்தான் வீட்டுக்கு வருவான். ஆக, அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் "எனக்கு ஒரு காது கேட்கவில்லை" என்று சொல்வதற்கு வீட்டில் ஆள் இல்லை. முந்தின நாள் இரவு தலைக்குக் குளித்திருந்தேன். தண்ணீர் போயிருக்கும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்து ஒற்றைக் காலில் குதித்துப் பார்த்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

மறுநாள் பக்கத்து மருந்தகத்துக்குப் போனேன். பதிவு மேசையில் இருந்த பெண் என்ன பிரச்சினை என்று கேட்டார். "காது அடைத்திருக்கிறது" என்றேன். இதை எழுத உட்கார்ந்ததே அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான். அடைப்பு என்று சொன்னதும் எல்லாரும் அடைப்பைத் தேடத் தொடங்கிவிட்டார்கள். மருத்துவர் விளக்கு வைத்துப் பார்த்தார், கொஞ்சம் அழுக்கு இருந்தது (யார் காதில்தான் இல்லை?), ஊறவைக்கச் சொட்டு மருந்து தந்தார், ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார். 48 வெள்ளி. ஒரு வாரம் ஒழுங்காகச் சொட்டுவிட்டு மறுபடி போனேன். அன்று வேறொரு மருத்துவர். அழுக்கு இல்லை, சளியால் உள்ளே காற்றழுத்தம் சரியில்லாமல் இருக்கலாம் என்று மூக்குக்கு ஸ்பிரே கொடுத்தார். 62 வெள்ளி. ஊரிலிருந்து அம்மா தொலைபேசியில், "நல்லெண்ணெயில ரெண்டு பல்லு பூண்டைத் தட்டிப் போட்டுக் காய்ச்சி, வெதுவெதுன்னு விடுடி, சரியாப் போயிடும்" என்றார். விட்டேன். ஒன்றும் சரியாகவில்லை. பிற்பாடு காதைப் பார்த்த நிபுணர் முதலில் அந்த எண்ணெயைத்தான் உறிஞ்சி எடுக்க வேண்டியிருந்தது. செவிப்பறையில் ஓட்டை இருந்திருந்தால் அந்த எண்ணெய் நடுச்செவிக்கே போயிருக்கும் என்று அவர் சொன்னபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. வீட்டு வைத்தியத்தை நான் மதிக்கிறவள்தான். ஆனால் காதுக்குள் எதையும் ஊற்றாதீர்கள்.

அந்த நாள்களில் நடந்த இன்னொன்று எனக்கு எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும். எங்கள் மின்தூக்கி தளத்தில் நிற்கும்போது 'டிங்' என்று ஒலிக்கும். அது இரண்டு சுருதியில் கேட்க ஆரம்பித்தது. வலக்காதில் வழக்கமான டிங், இடக்காதில் சற்றே இறங்கிய, தகரத்தில் தட்டியது போன்ற இன்னொரு டிங். மைக்ரோவேவின் ஒலியும் அப்படியே. ஒலி 96.8 வானொலியில் பாட்டுப் போட்டால் பாடகர் ஒரு சுருதியிலும் பக்கவாத்தியம் வேறு சுருதியிலும் இருப்பது போல வயிற்றைப் புரட்டும். வானொலியை அணைத்துவிடுவேன். காதில் அழுக்கு அடைத்தால் ஒலி குறையுமே தவிர சுருதி மாறாது. இது எனக்கு அப்போது தெரியாது. இரண்டு காதிலும் ஒரே ஒலி இருவேறு சுருதியாகக் கேட்டால் கோளாறு உட்செவியில் இருக்கக்கூடும் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

பன்னிரண்டாம் நாள், சனிக்கிழமை. கீழ்த்தளத்தில் என் பழைய மாணவி ஒருத்தியின் அம்மாவைப் பார்த்தேன். அவர் தாதியாக வேலை பார்க்கிறவர். என் இடப்பக்கத்திலிருந்து கூப்பிட்டிருக்கிறார், நான் திரும்பவே இல்லை. தோளைத் தொட்டு, "என்னக்கா, கூப்பிட்டுக்கிட்டே வர்றேன்" என்றார். விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. "வாயை மூடிக்கிட்டு ம்ம்ம்னு சொல்லுங்க. சத்தம் எந்தக் காதுல பலமா கேக்குது?" என்றார். சொல்லிப் பார்த்தேன். வலக்காதில், அதாவது நன்றாக இருந்த காதில். அவர் முகம் மாறிவிட்டது. "இன்னிக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கக்கா. திங்கக்கிழமைன்னு தள்ளாதீங்க."

அந்த 'ம்ம்ம்' பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் செலவே இல்லாத இந்தச் சோதனையை முதல் நாளே யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் இதை எழுத வேண்டியிருந்திருக்காது. நாம் முனகும்போது குரல்வளையின் அதிர்வு மண்டையோட்டு எலும்பு வழியாக இரண்டு உட்செவிக்கும் நேரே போகிறது. காதுக் குழாயை அழுக்கோ நீரோ அடைத்திருந்தால், அந்த அதிர்வு குழாய் வழியே வெளியேற முடியாமல் உள்ளேயே தங்கும், வெளிச்சத்தமும் உள்ளே வராது. அதனால் அடைத்த காதில்தான் 'ம்ம்ம்' பலமாகக் கேட்கும். நல்ல காதை விரலால் அடைத்துக்கொண்டு முனகிப் பாருங்கள், ஒலி அந்தப் பக்கம் ஓடுவது தெரியும். உட்செவியோ நரம்போ பழுதாகியிருந்தால் நிலைமை நேர்மாறு. அந்தப் பக்கம் வாங்குவதற்கே ஆள் இல்லை, ஆகவே ஒலி நல்ல காதுக்குப் போய்விடும். மருத்துவர்கள் 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டி நெற்றி நடுவில் வைத்துப் பார்ப்பதும் இதே தத்துவம்தான். போன மாதம் எதிர்வீட்டு மாக்சிக் (மலாய்க்கார அம்மா) காது அடைக்கிறது என்று வந்தபோது அவரை முனகச் சொன்னேன். அடைத்த பக்கமே பலமாகக் கேட்டது. அப்படியும் விடாமல் மறுநாள் காலை அவரோடு பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போனேன். கடலைப்பருப்பு அளவுக்கு அழுக்கு வந்தது, காது திறந்துகொண்டது. முனகல் சோதனை மருத்துவருக்கு மாற்று ஆகாது. எவ்வளவு அவசரம் என்று நமக்குச் சொல்லும், அவ்வளவே.

அன்று மாலையே அரசாங்க மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவுக்குப் போனேன். இந்த முறை மேசையில், "இரவுவரை நன்றாகக் கேட்ட காது விடிந்ததும் கேட்கவில்லை, பன்னிரண்டு நாள் ஆகிறது" என்று சொன்னேன். அந்த வாக்கியத்துக்கு வேறு வரவேற்பு கிடைத்தது. இளம் மருத்துவர் ஒருவர் இசைக்கவையை வைத்துப் பார்த்துவிட்டு, காது மூக்கு தொண்டைப் பிரிவில் யாரிடமோ தொலைபேசியில் பேசினார். திடீர்ச் செவியிழப்பு. மூன்று நாளுக்குள், அடுத்தடுத்த மூன்று அதிர்வெண்களில் 30 டெசிபலோ அதற்கு மேலோ கேள்திறன் விழுந்தால் இந்தப் பெயர். பத்தில் ஒன்பது பேருக்குக் காரணம் கண்டுபிடிக்கவே முடியாதாம். கிருமியா, ரத்த ஓட்டமா என்று ஊகங்கள் உண்டு, உறுதி இல்லை. ஸ்டீராய்டு சிகிச்சை முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் தர நல்ல வாய்ப்பு. "நீங்கள் விளிம்பில் வந்திருக்கிறீர்கள்" என்றார் அவர். வெளியே நாற்காலியில் உட்கார்ந்து நாள்களை விரல்விட்டு எண்ணினேன். மருந்தகத்துக்கு முதல் முறை போனது இரண்டாம் நாள். பத்து நாள் சொட்டு மருந்திலும் ஸ்பிரேயிலும் பூண்டு எண்ணெயிலும் போயிருந்தது. கழிப்பறைக்குள் போய் அழுதேன். கோபம் அந்த மருத்துவர்கள் மீது ஒரு பங்கு, என் மீது இரண்டு பங்கு.

நிபுணரைப் பார்க்க அந்த மருத்துவமனையில் ஒன்பது நாள் கழித்துத்தான் நேரம் கிடைத்தது. காத்திருக்க எனக்குத் துணிவில்லை. திங்கட்கிழமை ஒரு தனியார் நிபுணரிடம் போனேன். அங்கேதான் முதல்முறையாக முறையான செவிச் சோதனை நடந்தது. சத்தம் புகாத ஒரு சின்ன அறை. கதவை மூடியதும் உள்ளே என் இரைச்சலும் நானும் மட்டும். காதுகளில் ஹெட்ஃபோன், கையில் ஒரு பொத்தான். மெல்லிய 'பீப்' கேட்டால் அழுத்த வேண்டும், கேட்கிறதோ இல்லையோ என்று சந்தேகமாக இருந்தாலும் அழுத்தலாம். வலக்காதில் மளமளவென்று அழுத்தினேன். பிறகு இடக்காது. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்த பெண்ணின் கை நகர்கிறது, குமிழைத் திருகுகிறது, மறுபடி திருகுகிறது. எனக்கு ஒன்றும் வரவில்லை. அவர் கையைப் பார்த்துத்தான் ஒலி போய்க்கொண்டிருக்கிறது என்பதே எனக்குத் தெரிந்தது. அந்த அரை நிமிடம் இன்றும் கனவில் வருகிறது.

தாளில் வலக்காதுக்குச் சிவப்பு வட்டங்கள், இடக்காதுக்கு நீலப் பெருக்கல் குறிகள். இடமிருந்து வலமாகக் குறுக்கே ஓடுவது சுருதி, 250 ஹெர்ட்ஸிலிருந்து 8,000 வரை. மேலிருந்து கீழே இறங்குவது டெசிபல். கோடு எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவு நட்டம். என் சிவப்பு வட்டங்கள் மேலே 15, 20-ல் வரிசையாக நின்றன. நீலக் குறிகள் 70-ஐச் சுற்றிக் கிடந்தன. எதிரில் உட்கார்ந்து பேசுகிறவரின் குரல் முழுவதும் அந்தக் கோட்டுக்கு மேலேயே நின்றுவிடுகிறது, அதாவது இடக்காதை எட்டுவதில்லை. இந்தத் தாளின் நகலை ஒவ்வொரு முறையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மருத்துவர், காதொலிக் கருவிக் கடைக்காரர், காப்புறுதிக்காரர் எல்லாரும் அதைத்தான் கேட்பார்கள். சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்லும் பகுதி எனக்கு ஆங்கிலத்தில்தான் நடந்தது. நான் சமாளித்தேன். ஆங்கிலம் அதிகம் புழங்காத நம் பெரியவர்களைக் கூட்டிப்போனால், இதை முன்பே சொல்லிவிடுங்கள். சொல் தெரியாததும் காது கேளாததும் தாளில் ஒன்றாகவே பதிவாகிவிடக்கூடும்.

நிபுணர் ஒரு மாதிரியை வைத்து விளக்கினார். ஒலி என்பது காற்றின் அசைவு. அது செவிப்பறையை அசைக்கிறது, பறை மூன்று குட்டி எலும்புகளை அசைக்கிறது. கடைசி எலும்புதான் உடலிலேயே சிறியது, சுமார் மூன்று மில்லிமீட்டர். அது நத்தைக்கூடு போல இரண்டரைச் சுற்றுச் சுருண்ட உறுப்புக்குள் இருக்கும் திரவத்தைத் தட்டுகிறது. அங்கே ஏறத்தாழ 15,000 மயிரணுக்கள் வரிசையாக நிற்கின்றன. வாசலருகே இருப்பவை உச்ச சுருதிக்கு, சுருளின் நுனியில் இருப்பவை கீழ் சுருதிக்கு, வீணையின் மெட்டுகளைப் போல. திரவத்தில் எழும் அலை எந்த இடத்தில் உச்சம் தொடுகிறது என்பதைக் கண்டறிந்தவருக்கு, கியோர்க் வான் பெக்கெசி என்ற ஹங்கேரியருக்கு, 1961-ல் நோபெல் கொடுத்தார்கள். மனிதருக்கு இந்த மயிரணு ஒன்று செத்தால் செத்ததுதான், திரும்ப முளைக்காது. பறவைகளுக்கு முளைக்கும் என்று அவர் சொன்னார். எனக்கு எங்கள் புளோக்குக்குப் பின்னாலிருக்கும் மரத்துக் குயில் ஞாபகம் வந்து தொண்டையை அடைத்தது.

சிகிச்சை இப்படிப் போனது. அவசரப் பிரிவில் கொடுத்த பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு, காலையில் சாப்பிட்டதும் ஒரேயடியாகப் பன்னிரண்டு மாத்திரை, பிறகு படிப்படியாகக் குறைப்பு. இரவில் தூக்கமே வராது. பசி அடங்காது. சின்ன விஷயத்துக்கெல்லாம் அழுகை வரும், எரிச்சல் வரும். யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லாததால், செவியோடு புத்தியும் போகிறதோ என்று பயந்தேன். அது மருந்தின் வேலை, நிறுத்தியதும் போய்விட்டது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும், ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றிவிடும். பிறகு செவிப்பறை வழியாக நடுச்செவிக்குள் நான்கு ஊசி, வாரம் ஒன்று. கேட்கவே நடுக்கமாக இருக்கும். பறையை மரத்துப்போக வைத்துவிட்டுத்தான் குத்துகிறார்கள், வலி ஒரு கணம்தான். அதன்பின் உலகம் சுழல்கிற ஒரு தலைசுற்றல் இரண்டு மூன்று நிமிடம். அரை மணி நேரம் காதை மேலே வைத்துப் படுத்துக்கொண்டு, பேசாமல், முடிந்தவரை எச்சில் விழுங்காமல் இருக்க வேண்டும், மருந்து தொண்டைக்கு வடிந்துவிடாதிருக்க. முதல் ஊசிக்குத் தனியாக எம்ஆர்டி ரயிலில் போய்விட்டு, திரும்பி வரும்போது காத்திப் நிலையத்தில் படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். ஊசி நாளில் யாரையாவது கூட்டிப்போங்கள், இல்லாவிட்டால் டாக்சிக்குக் காசை ஒதுக்குங்கள்.

செவி நரம்பில் கட்டி ஏதும் உண்டா என்று பார்க்க எம்ஆர்ஐ எடுத்தார்கள். கட்டி இல்லை. அந்த இயந்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பலமான காந்தப் புலத்துக்குள் சுருள்களில் மின்சாரத்தை மாற்றி மாற்றி விடுவதால் சுருள்கள் அதிர்ந்து அடிக்கின்றன, அதுதான் அந்தத் தடதட ஓசை. 100 டெசிபலுக்கு மேலே போகக்கூடியது. மிச்சமிருக்கும் ஒரே நல்ல காதை அதற்குள் நீட்டப் போகிறோம். நுரை அடைப்பானும் வேண்டும், மேலே ஒலிகாப்பும் வேண்டும் என்று கேட்டேன், கொடுத்தார்கள். அடைப்பானை உருட்டி, காது மடலை மேலே பின்பக்கமாக இழுத்து, உள்ளே விட்டு விரிய விட வேண்டும். மேலோட்டமாகச் செருகினால் பயனில்லை.

பணக் கணக்கு: முதல் இரண்டு மருந்தக வருகை 110 வெள்ளி, அவசரப் பிரிவு மாத்திரையோடு 135, நிபுணரும் முதல் சோதனையும் 310, நான்கு ஊசி 1,400, எம்ஆர்ஐ 950, பிந்தைய சோதனைகள் 270. பிறகு காதொலிக் கருவி ஒன்றைப் போட்டுப் பார்க்க 150. எல்லாம் சேர்த்து 3,325 வெள்ளி. வெளிநோயாளி ஸ்கேனுக்கு மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து அப்போது ஆண்டுக்கு 300 வெள்ளிதான் எடுக்க முடிந்தது. ஐந்து வாரம் வகுப்புகளை நிறுத்தியதில் போன வருமானம் இன்னொரு 2,400. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இயின் வாய்மொழித் தேர்வுக்கு ஆகஸ்டில் போக வேண்டிய பிள்ளைகளை வேறு ஆசிரியரிடம் அனுப்பியது பணத்தைவிட வலித்தது. அவசரப் பிரிவில் கிடைத்த தேதியை ரத்து செய்யாமல் வைத்திருந்தால், பிந்தைய சோதனைகளையாவது உதவித்தொகையோடு அங்கே செய்திருக்கலாம். நான் பதற்றத்தில் ரத்து செய்துவிட்டேன். அரசாங்க மருத்துவமனையில் உதவித்தொகை பெற்ற நோயாளியாக நிபுணரைப் பார்க்கப் பலதுறை மருந்தகத்தின் பரிந்துரை போன்ற முறையான வழி வேண்டும். நேராகத் தனியாரிடம் போய்விட்டு அங்கிருந்து மாறுவது எளிதல்ல. அவசரத்துக்குத் தனியாரிடம் ஓடினாலும், அரசாங்கத் தேதியைக் கையில் வைத்துக்கொண்டே ஓடுங்கள். 60 வயதைத் தாண்டியவர்களுக்குக் காதொலிக் கருவி வாங்க அரசாங்க உதவி உண்டு, மருத்துவமனைச் சமூக சேவகரிடம் கேளுங்கள். என் வயதுக்கு அது இல்லை.

ஆறாவது வாரத்தில் கீழ் சுருதிகள் 35-க்கு ஏறி வந்தன. உச்ச சுருதிகள் 65-லேயே நின்றுவிட்டன. தமிழ் ஆசிரியைக்கு இதைச் சொல்ல ஒரு வழி இருக்கிறது: இடக்காதுக்கு உயிரெழுத்து வருகிறது, மெய்யெழுத்து வருவதில்லை. அ, ஆ, ஓ எல்லாம் கனமான ஒலிகள், கீழ் சுருதியில் பலமாக வருபவை. க, ச, த, ப ஒன்றையொன்று பிரித்துக் காட்டுவது உச்ச சுருதியில் வரும் மெல்லிய உரசலும் வெடிப்பும்தான். வலக்காதை மூடிக்கொண்டால் கடை, சடை, தடை, படை நான்கும் எனக்கு ஒன்றே. யாரோ பேசுகிறார்கள் என்று தெரியும், என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது. காது மந்தமான பெரியவர்கள், "சத்தம் கேக்குது, பேச்சுத்தான் புரியல" என்பார்களே, அதை இத்தனை காலம் பிடிவாதம் என்று நினைத்திருக்கிறேன். என் மாமியாரிடம் அதற்காக மன்னிப்புக் கேட்டேன். கத்திப் பேசுவதால் பயனில்லை. எதிரே வந்து, முகம் தெரிய, நிதானமாகப் பேச வேண்டும்.

ஒற்றைக் காதில் முதலில் தொலைவது திசை. ஒலி வினாடிக்கு 343 மீட்டர் போகிறது. ஒரு பக்கத்திலிருந்து வரும் சத்தம் அடுத்த காதை எட்ட, அதிகம் போனால் ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத, சுமார் 0.6 மில்லி வினாடி தாமதம். மூளை அதை வைத்துத்தான் திசை சொல்கிறது. எனக்கு இப்போது எல்லாமே வலப்பக்கத்திலிருந்து வருகிறது. வீட்டில் தொலைபேசி அடித்தால் ஒவ்வோர் அறையாகத் தேடுகிறேன். பூங்கா இணைப்புப் பாதையில் பின்னால் சைக்கிள் மணி அடித்தால் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரியாது. இரண்டு முறை நேராகச் சைக்கிளின் முன்னாலேயே ஒதுங்கினேன். இப்போது பாதையின் இடது விளிம்பை ஒட்டியே நடக்கிறேன், நல்ல காது பாதையைப் பார்த்தபடி. மணி கேட்டால் நகரவே மாட்டேன், நின்று திரும்பிப் பார்ப்பேன். உணவங்காடி நிலையத்தில் தட்டுகளும் மின்விசிறிகளும் தரை ஓடுகளில் மோதித் திரும்பும் பேச்சும் ஒரே கூழாகிவிடும். பதினொரு மணிக்கே போய், இடப்பக்கம் சுவரோ தூணோ இருக்கும் மேசையைப் பிடிக்கிறேன், கூட வந்தவரை வலப்பக்கம் உட்கார வைக்கிறேன். கேட்காத பக்கத்து ஒலியைக் கேட்கும் பக்கத்துக்குக் கடத்தும் கருவியைத்தான் இரண்டு வாரம் போட்டுப் பார்த்தேன். 4,200 வெள்ளி விலை சொன்னார்கள். அமைதியான அறையில் உதவியது, உணவங்காடியில் இரைச்சலையும் சேர்த்துக் கடத்தியது. திருப்பிக் கொடுத்துவிட்டேன். உங்களுக்கு ஒத்துவரலாம், ஆனால் போட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

குக்கர் இரைச்சல் இன்னும் போகவில்லை. முதல் மாதம் இரவுகள் நரகம். முழு அமைதியில்தான் அது பெரிதாகும். மின்விசிறியைச் சற்று வேகமாக வைத்து, தலைமாட்டில் மழைச்சத்தத்தை மெல்ல ஓடவிட்டுப் படுக்கிறேன். அதைக் கண்காணிப்பதை நிறுத்தியபின் பல மணி நேரம் மறந்தே போகிறது. மீதமிருக்கும் காதுக்கு எல்லாக் காவலும் போட்டுவிட்டேன். 85 டெசிபலில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான் பாதுகாப்பான எல்லை என்கிறார்கள், மூன்று டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்குக் கால் மணி நேரம்தான். கல்யாண மண்டபத்தில் ஒலிபெருக்கிக்கு நேர் எதிரில் உட்காருவதை விட்டுவிட்டேன், உறுமி மேளத்துக்கு அருகே போனால் பையில் அடைப்பான் இருக்கிறது. உறவுக்காரர்கள் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

செப்டம்பரில் வகுப்பை மறுபடி தொடங்கினேன். என் சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஆறு பிள்ளைகள். மூன்றாம் வாரம் ஒரு தாயார் குறுஞ்செய்தி அனுப்பினார்: "டீச்சர், இவன் மேல ஏதும் கோபமா? ரெண்டு வாரமா கேள்வி கேட்டா நீங்க பதில் சொல்றதில்லையாம்." தொடக்கநிலை மூன்றில் படிக்கும் பையன், மெதுவாகத்தான் பேசுவான். என் இடப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அவன் ஒவ்வொரு நாளும் "டீச்சர்" என்று கூப்பிட்டு, காத்திருந்து, பேசாமல் தலையைக் குனிந்துகொண்டிருந்திருக்கிறான். பெற்றோரிடம் நான் காதைப் பற்றிச் சொல்லவே இல்லை, பிள்ளைகளை எடுத்துவிடுவார்களோ என்ற பயம். அன்று மாலை எல்லாருக்கும் சொன்னேன், ஒருவரும் எடுக்கவில்லை. பிள்ளைகளிடம் அந்தத் தாளையே காட்டி, சிவப்பையும் நீலத்தையும் விளக்கினேன். என் நாற்காலியை இடப்பக்கச் சுவரோரம் நகர்த்தினேன், ஆறு பேரும் இப்போது வலப்பக்கம். ஒரு சிறுமிதான் சொன்னாள், பேசுவதற்கு முன்னால் மேசையை இரண்டு தட்டுத் தட்டினால் டீச்சருக்குக் கையில் தெரியுமே என்று. உண்மைதான், மரம் வழியாக உள்ளங்கைக்கு வந்துவிடுகிறது. அந்தப் பையன் இப்போது எனக்கு நேர் வலப்பக்கம் உட்காருகிறான், கூப்பிட்டால் நன்றாகவே கேட்கிறது. ஆனாலும் வாயைத் திறப்பதற்கு முன் இரண்டு தட்டுத் தட்டி, நான் முகத்தைத் திருப்பும் வரை காத்திருந்துவிட்டுத்தான் வாசிக்கிறான்.